பசிக்கு யார் பொறுப்பு?

சில ஆண்டுகளுக்கு முன் ஐயம்பேட்டையில் எங்கள் தெருமுனையில் ஒரு மருத்துவ முகாம் போட்டார்கள். சின்னப் பந்தல், ஒரு மேசை, சர்க்கரை பார்க்கும் கருவி, ஒரு எடை மெஷின். தறியை நிறுத்திவிட்டு ஆண்கள் முதலில் போய் வந்தார்கள். சமையலை முடித்துவிட்டுப் பெண்கள் போனபோது வெயில் ஏறிவிட்டது. அம்மா மெஷினில் ஏறினாள். பக்கத்தில் நின்ற பையன் எல்லோருக்கும் கேட்கும்படி படித்தான்: 84 கிலோ. மேசையில் இருந்தவர் சீட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலேயே சொன்னார்: “வாயைக் கட்டணும்மா. அது இல்லன்னா எந்த மாத்திரையும் வேலை செய்யாது.” வரிசையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். அம்மாவும் சேர்ந்து சிரித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் நான் என் பங்கைச் சேர்த்தேன். அப்போது கல்லூரியில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தேன். எல்லாம் தெரிந்த வயது. “அவர் சொன்னதுல என்னம்மா தப்பு? ராத்திரி பதினோரு மணிக்குச் சட்டியோட சோத்தைப் போட்டுக்கிட்டா எடை ஏறாம என்ன செய்யும்?” என்றேன். அம்மா பதில் பேசவில்லை. தார் சுற்ற உட்கார்ந்தாள். ராட்டை கொஞ்ச நேரம் ஓடியது. பிறகு என்னைப் பார்க்காமலேயே கேட்டாள்: “காலையிலேருந்து நான் இன்னாத்தடி துன்னேன்? நீயே சொல்லு.”

யோசித்துப் பார்த்தேன். நான்கரைக்கு எழுந்திருந்தாள். தெருவில் பாவு விரித்துக் கஞ்சி போடும் நாள் அது. வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும். பட்டு நூலுக்கு அரிசிக் கஞ்சி போட்டவள் தான் ஒரு டம்ளர் கஞ்சி குடிக்கவில்லை. ஆறு மணிக்கு ஒரு டீ. எங்களுக்கு இட்லி ஊற்றி, அப்பாவுக்குப் பரிமாறி, தறியில் அப்பாவுக்கு எதிர்ப்பக்கம் கோர்வைக்கு உட்கார்ந்தாள். பத்து மணிக்கு இன்னொரு டீ. எல்லோரும் சாப்பிட்ட பிறகு மூன்றரை மணிக்கு, சட்டியில் மிஞ்சிய சோறும் அடியில் தங்கிய குழம்பும். மறுபடி இரவு பதினோரு மணிக்கு. அந்தப் பதினோரு மணியை மட்டும்தான் நான் பார்த்திருக்கிறேன்.

அன்று நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்லிப் பார்க்கிறேன்.

*

தமிழில் வாயைக் கட்டு என்பதற்கு இரண்டு பொருள். பேச்சைக் குறை, சாப்பாட்டைக் குறை. இரண்டும் பெண்களைப் பார்த்துத்தான் அதிகம் சொல்லப்படுகின்றன. ஒளவையின் பெயரில் வழங்கும் கொன்றை வேந்தனில், குறைவாக உண்பதே பெண்களுக்கு அழகு என்று ஒரு வரி உண்டு. ஆரம்பப் பள்ளியில் பையன்களும் நாங்களும் சேர்ந்து ராகம் போட்டு அதை ஒப்பித்தோம். அதே ஒளவையின் பெயரில் வழங்கும் நல்வழியில் இன்னொரு பாட்டும் இருக்கிறது. அது வயிற்றோடு போடும் சண்டை. இது நான் சொல்வதைக் கேட்பதில்லை, என் துன்பத்தை அறிவதில்லை, இதோடு காலம் தள்ளுவது கடினம் என்று அந்தக் குரல் அலுத்துக்கொள்கிறது. முதல் வரி எங்கள் வீடுகளுக்குள் வந்தது. இரண்டாவது பாட்டு புத்தகத்திலேயே தங்கிவிட்டது.

முகாமில் அந்த மனிதர் சொன்ன ஒற்றை வாக்கியத்துக்குள் மூன்று நம்பிக்கைகள் இருக்கின்றன. சாப்பிடுவது ஒவ்வொரு முறையும் நாம் எடுக்கும் முடிவு என்பது ஒன்று. உடல் எடை அந்த முடிவுகளின் கூட்டுத்தொகை என்பது இரண்டு. ஆகவே எடை ஒருவருடைய குணத்துக்குச் சாட்சி என்பது மூன்று. மூன்றாவதை யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. ஆனால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தது அதற்காகத்தான். கட்டை ஒடிந்த காலைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை.

முதல் நம்பிக்கையிலிருந்து தொடங்குவோம்.

*

நம் மூளையின் அடியில், கண்களுக்குப் பின்புறமாக, ஒரு பாதாம் பருப்பு அளவுக்கு ஹைப்போதாலமஸ் என்ற பகுதி இருக்கிறது. உடல் வெப்பம், தாகம், தூக்கம் ஆகியவற்றோடு பசியையும் அதுதான் கவனித்துக்கொள்கிறது. 1940இல் அமெரிக்காவில் ஹெதரிங்டன், ரேன்சன் என்ற இருவர் எலிகளின் ஹைப்போதாலமஸில் அடிநடுப் பகுதியைச் சிதைத்துப் பார்த்தார்கள். எலிகள் அளவுமீறிப் பெருத்தன. 1951இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஆனந்த் என்ற இந்திய உடலியங்கியல் அறிஞரும் ஜான் பிரோபெக்கும் அதே ஹைப்போதாலமஸின் பக்கவாட்டுப் பகுதியில், இருபுறமும் சிறு புள்ளி அளவுக்குச் சிதைத்தார்கள். அந்த எலிகள் சாப்பிடுவதையே விட்டுவிட்டன. தீனி முன்னால் இருக்க, பட்டினி கிடந்தன. ஆனந்த் பிறகு இந்தியா திரும்பி, டெல்லி எய்ம்ஸில் உடலியங்கியல் துறையை வளர்த்தெடுத்தவர்களில் முதன்மையானவர்.

ஒரே மாதிரிக் கூண்டு, ஒரே தீனி. ஒரு எலி நிறுத்தாமல் தின்கிறது. இன்னொன்று தொடவே இல்லை. முதல் எலிக்கு வாய்க்கட்டுப்பாடு இல்லை என்றோ இரண்டாவது எலி அடக்கமானது என்றோ யாரும் சொல்லப்போவதில்லை.

பசிக்கு ஓர் இடம், நிறைவுக்கு ஓர் இடம் என்று அன்று போட்ட வரைபடம் இன்று மிகவும் சிக்கலாகிவிட்டது. பல நரம்புச் சுற்றுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. அவற்றில் இரண்டு கூட்டங்களை மட்டும் சொல்கிறேன். ஹைப்போதாலமஸின் அடியில் இருக்கும் ஒரு சிறு பகுதியில் பசியைக் கிளப்பும் நியூரான்களும், போதும் என்று சொல்லும் நியூரான்களும் பக்கத்துப் பக்கத்தில் குடியிருக்கின்றன. பசியைக் கிளப்பும் கூட்டத்துக்கு ஏஜிஆர்பி நியூரான்கள் என்று பெயர். 2005இல் வளர்ந்த சுண்டெலிகளில் இவற்றை மட்டும் அழித்தபோது அவை உண்பதை நிறுத்திவிட்டன. 2011இல் ஒளியைப் பாய்ச்சி இவற்றைத் தூண்டியபோது, வயிறு நிறைந்த சுண்டெலிகள்கூடச் சில நிமிடங்களில் ஆவேசமாகத் தின்னத் தொடங்கின. 2015இல் இன்னொன்று தெரிந்தது. இந்த நியூரான்கள் விழித்திருக்கும் நிலையைச் சுண்டெலிகள் வெறுக்கின்றன. எந்த மூலையில் இருக்கும்போது அவை தூண்டப்பட்டனவோ அந்த மூலையைப் பிறகு தவிர்க்கின்றன. பசி என்பது நாக்கின் சபலம் இல்லை. சாப்பாட்டைத் தேடு என்று மூளை கொடுக்கும் வேதனை அது. தேடிக் கண்டடையும்வரை விடாது.

இந்த நியூரான்களுக்குச் செய்தி பல திசைகளிலிருந்து வருகிறது. வெறும் வயிற்றிலிருந்து கிரெலின் என்ற ஹார்மோன் வருகிறது. 1999இல் ஜப்பானில் கண்டுபிடித்தார்கள். குடலிலிருந்து நரம்பு வழியாகவும் ரத்தம் வழியாகவும் ‘வந்து சேர்ந்தது’ என்ற தகவல் வருகிறது. உடலின் கொழுப்புத் திசுவிலிருந்து லெப்டின் வருகிறது. 1994இல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு லெப்டினைக் கண்டபோது கொழுப்பைப் பற்றிய எண்ணமே மாறியது. கொழுப்பு வெறும் மூட்டை இல்லை. சேமிப்பில் எவ்வளவு இருக்கிறது என்று மூளைக்கு ஓயாமல் கணக்கு அனுப்பும் உறுப்பு. சேமிப்பு குறைந்தால் லெப்டின் குறைகிறது. மூளை அதைப் பஞ்சம் என்று படிக்கிறது. பசியைக் கூட்டுகிறது, செலவைச் சுருக்குகிறது. சேமிப்பு கூடும்போது அதே மூளை அவ்வளவு பதறுவதில்லை. எடை குறைந்தால் அலறும், கூடினால் முணுமுணுக்கும்.

லெப்டின் அறவே சுரக்காவிட்டால் என்ன ஆகும்? 1997இல் கேம்பிரிட்ஜ் மருத்துவர்கள் பாகிஸ்தான் வழிவந்த ஒரு குடும்பத்தில் அப்படி இரண்டு குழந்தைகளைக் கண்டார்கள். அவர்களில் ஒரு சிறுமிக்கு 9 வயதில் எடை 94 கிலோ. எவ்வளவு கொடுத்தாலும் பசி அடங்கவில்லை. நாள்தோறும் லெப்டின் ஊசி போட்டார்கள். ஓராண்டில் 16 கிலோ குறைந்தாள். அதைவிட முக்கியம், மற்றப் பிள்ளைகளைப்போலச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனாள். அந்த ஊசி அவளுடைய குணத்தைத் திருத்தியதா? குணத்தில் கோணல் இருந்திருந்தால்தானே திருத்த.

*

இப்படியொரு பெண்ணைத் தமிழ் முன்பே அறியும். மணிமேகலையில் வரும் காயசண்டிகை. ஒரு முனிவர் உண்ண வைத்திருந்த நாவற்கனியைத் தெரியாமல் காலால் சிதைத்துவிட்டாள். பன்னிரண்டு ஆண்டுகள் யானைத்தீ என்ற தீராப்பசி அவளைப் பிடிக்கும்படி முனிவர் சபித்தார். எதைத் தின்றாலும் அடங்காத பசியோடு அவள் காவிரிப்பூம்பட்டினத்தில் அலைந்தாள். ஆதிரை முதல் பிச்சையிட்ட அமுதசுரபியிலிருந்து மணிமேகலை எடுத்துக் கொடுத்த உணவில் அந்த நெருப்பு அவிந்தது.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு, உறுத்துவது ஒன்று உண்டு. பிடித்தது, அடங்காப் பசிக்குச் சாத்தனார் வைத்த பெயர். அது தீ. நெருப்புப் பற்றிய வீட்டுக்காரியைப் பார்த்து யாரும் அடக்கம் கற்றுக்கொடுப்பதில்லை. உறுத்துவது, அந்தத் தீக்கும் அவள் செய்த ஒரு தவறு காரணமாகத் தேவைப்பட்டது. தெரியாமல் மிதித்தாலும் தவறு தவறுதான். ஒரு பெண்ணின் பசிக்குப் பின்னால் அவள் குற்றம் ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்ற பழக்கம் இவ்வளவு பழையது. பசி தீர்ந்த பிறகும் காயசண்டிகைக்கு விடிவில்லை. ஊர் திரும்பும் வழியில் விந்தமலையைக் காக்கும் விந்தாகடிகை அவளைத் தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டாள்.

மணிமேகலை கடைசியில் வந்து சேர்ந்தது எங்கள் ஊருக்குப் பக்கத்துக் காஞ்சிக்கு. காவியத்தின்படி அப்போது காஞ்சியில் மழை பொய்த்துப் பஞ்சம். அவள் செய்தது என்ன என்பதற்குப் பிறகு வருகிறேன்.

*

லெப்டின் இல்லாமை மிக மிக அரிது. அம்மாவுக்கு அது இல்லை. ஆகவே ‘அது நோய், இது கொழுப்பு’ என்று ஒருவர் சொல்லலாம். நோயில்லாதவர்களின் பசி எப்படி நடந்துகொள்கிறது என்றும் பார்த்துவிடுவோம்.

இரண்டாம் உலகப் போரின் கடைசியில், 1944 முதல் 1945 வரை, மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் ஒரு சோதனை நடத்தினார். போரில் பட்டினி கிடந்த மக்களுக்கு மறுபடி எப்படி உணவூட்டுவது என்று கற்பதற்காக 36 ஆண்கள் தாமாக முன்வந்து அரைப்பட்டினி கிடந்தார்கள். எல்லோரும் நல்ல உடல்நலம் உள்ளவர்கள். மனசாட்சியின் பெயரால் போருக்குப் போக மறுத்தவர்கள். மன உறுதிக்கு இவர்களைவிட நல்ல ஆட்களைத் தேடிப் பிடிக்க முடியாது. ஆறு மாதத்தில் உடல் எடையில் ஏறக்குறையக் கால்பங்கு போயிற்று. இவர்கள் சாப்பாட்டைத் தவிர வேறு எதையும் நினைக்க முடியாதவர்களானார்கள். சமையல் புத்தகம் சேர்த்தார்கள், தட்டை நக்கினார்கள். சிலர் மறைவாகத் தின்றுவிட்டு அழுதார்கள். தடை நீங்கிய பிறகும் வயிறு வெடிக்கும் அளவுக்குச் சாப்பிட்டுவிட்டுப் பசிக்கிறது என்றார்கள்.

ஆண்களுக்கு இது நடந்தபோது அதற்கு உடலியங்கியல் என்று பெயர் வைத்து இரண்டு பெரிய தொகுதிகளாக அச்சிட்டார்கள். நம் சமையலறைகளில் இதே நடந்தால் அதன் பெயர் திருட்டுத்தீனி.

2011இல் மெல்பர்ன் ஆய்வாளர்கள் அதிக எடையுள்ள 50 பேரைப் பத்து வாரம் கடும் உணவுக் கட்டுப்பாட்டில் வைத்தார்கள். எடை குறைந்தது. லெப்டின் விழுந்தது, கிரெலின் ஏறியது, பசி கூடியது. ஓராண்டு கழித்துப் பார்த்தபோதும் அந்த மாற்றங்கள் முழுதாக மறையவில்லை. 2004இல் சிகாகோவில் 12 இளைஞர்களை இரண்டு இரவு நான்கு மணி நேரம் மட்டுமே தூங்கவிட்டபோது அவர்களுக்கும் லெப்டின் குறைந்தது, கிரெலின் கூடியது. இனிப்பும் மாவுப் பண்டமும் அதிகம் கேட்டார்கள்.

இரண்டே இரவு. அம்மாவுக்கு இருபத்தைந்து ஆண்டு.

என் அத்தை மகள் கல்யாணத்துக்கு முன்னால் அம்மா மூன்று மாதம் ராத்திரிச் சாப்பாட்டை விட்டாள். ஆறு கிலோ குறைந்தது, எல்லோரும் பாராட்டினார்கள். அடுத்த ஆண்டுக்குள் எட்டுக் கிலோ ஏறியது, எல்லோரும் பழித்தார்கள். குறைந்தபோது அவளுடைய உறுதியும், ஏறியபோது அவளுடைய பலவீனமும் காரணமாயின. நடுவில் ஒரு மூளை பஞ்சம் வந்துவிட்டது என்று பதறித் தன் கடமையைச் செய்துகொண்டிருந்தது யாருக்கும் தெரியாது. வெள்ளிக்கிழமை ஒருபொழுது, கிருத்திகை விரதம், காலையில் வெறும் டீ, எல்லோரும் உண்ட பின் மிச்சம், நான்கைந்து மணி நேரத் தூக்கம். இதைப் படித்துப் பஞ்சம் இல்லை என்று எந்த மூளை முடிவுசெய்யும்?

அம்மாவின் ரத்தத்தில் லெப்டின் எவ்வளவு என்று நான் அளந்ததில்லை. அவளுடைய ஒவ்வொரு கிலோவுக்கும் இதுதான் காரணம் என்று சொல்ல வரவில்லை. மரபுக்கும் பெரிய பங்கு உண்டு. மாதவிடாய் நிற்கும் வயதில் ஈஸ்ட்ரோஜன் குறைந்து கொழுப்பு வயிற்றுப் பக்கம் சேர்வதும் உண்டு. விலை மலிந்த எண்ணெய்ப் பண்டங்களும், பகலெல்லாம் தறிமேடையிலேயே கழிவதும் உண்டு. நான் சொல்வது சிறிய விஷயம். இவ்வளவும் இருக்கும்போது, முதல் சொல்லாக ‘வாயைக் கட்டு’ என்பது மருத்துவம் ஆகாது. தீர்ப்புதான் ஆகும்.

2019–21இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் சுமார் 40 விழுக்காட்டினர் அதிக எடை உள்ளவர்கள். அதே வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. இந்த இரண்டு கணக்கும் பல வீடுகளில் ஒரே உடம்பில் சந்திக்கின்றன. எடை இருக்கிறது, ரத்தம் இல்லை. அந்த உடம்பு அதிகம் தின்றதா, வேண்டியதைத் தின்னாமல் போனதா? எடை மெஷினுக்கு அந்தக் கேள்வி தெரியாது. அது ஓர் எண்ணைத்தான் காட்டும்.

*

இங்கே ஒரு மறுப்பு எழும். என் தோழிகளே கேட்டிருக்கிறார்கள். எல்லாவற்றையும் மூளைச் சுற்றுகளே முடிவுசெய்கின்றன என்றால் நமக்கு என்று ஒரு விருப்பம், ஒரு உறுதி, ஒன்றுமே இல்லையா? எத்தனையோ பெண்கள் பட்டினி கிடந்தே போராடியிருக்கிறார்களே?

மூச்சை வைத்து யோசித்துப் பார்க்கலாம். மூச்சு என் வசத்தில் இருக்கிறதா? இப்போது நினைத்தால் அடக்கலாம். பாட்டுக்காரி நீளமாக இழுத்து விடலாம். நீச்சல்காரி ஒரு நிமிடம் முங்கலாம். அந்த உறுதி பொய் இல்லை. ஆனால் நாளை முழுக்க அடக்க முடியாது. முடியவில்லை என்பதால் எனக்கு மூச்சுக்கட்டுப்பாடு போதவில்லை என்று யாரும் குறை சொல்வதும் இல்லை. பசியும் அப்படித்தான், கால அளவு மட்டும் வேறு. ஒரு வேளையை விடலாம், ஒரு நாளைக் கடக்கலாம். உயிரையே பணயம் வைத்தால் இன்னும் நீட்டலாம். உண்ணாவிரதத்துக்கு மதிப்பு இருப்பதே மூளையின் அந்தக் கதறலைத் தாண்டி ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்பதால்தான். ஆனால் அந்த வீரத்தை நான்கரை மணிக்கு எழும் ஒரு பெண்ணிடம் தினமும், ஆயுள் முழுக்க, சமைத்துக்கொண்டே காட்டச் சொல்வது நியாயமா? நம் உறுதிக்கு எட்டும் தூரம் சிறியது. எடையோ ஆண்டுக்கணக்கில் எழுதப்படுவது.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கூர்மையானது. ‘பெண் மூளையே அப்படி’ என்று சொல்லித்தானே நம்மைப் பள்ளிக்கும் பதவிக்கும் அனுப்பாமல் வைத்தார்கள்? இப்போது நாமே மூளையைக் காரணம் காட்டலாமா? இந்தப் பயம் சரியானது. ஆனால் இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. அந்த அறிவியல் பெண் மாறவே மாட்டாள் என்று சொன்னது. இது, மூளை எப்போதும் சூழ்நிலையைப் படித்துக்கொண்டிருக்கிறது என்று சொல்கிறது. எத்தனை மணி நேரம் தூங்கினாள், எப்போது சாப்பிட்டாள், அடுத்த வேளை நிச்சயமா என்பதையெல்லாம் அது படிக்கிறது. அந்தச் சூழ்நிலையை எழுதியது இயற்கை இல்லை. வீடும் தொழிலும் ஊரும்தான்.

அதனால்தான் பழியையும் பொறுப்பையும் பிரிக்க வேண்டும் என்கிறேன். பழி பின்னால் திரும்பிக் குற்றவாளியைத் தேடுகிறது. பொறுப்பு முன்னால் பார்த்து யாரால் என்ன மாற்ற முடியும் என்று கேட்கிறது. அம்மாவின் சர்க்கரை பொய்யில்லை. அதற்கு மாத்திரை வேண்டும், நடை வேண்டும், சாப்பாட்டில் மாற்றமும் வேண்டும். ஆனால் அந்த மாற்றம் அவள் ஒருத்தியின் வாயில் இல்லை. அவள் காலையில் எட்டு மணிக்கு உட்கார்ந்து சாப்பிட வேண்டுமானால், பாவு வேலையையோ சமையலையோ வேறு ஒருவர் ஏற்க வேண்டும். பத்து மணிக்கு அவள் படுக்க வேண்டுமானால், விடிவதற்குள் முடித்துக் கொடுக்கும்படி சேலை கேட்கக் கூடாது. கூலி சேலைக்கு இவ்வளவு என்று பேசும்போது, தார் சுற்றுவதும் கோர்வைக்கு உட்கார்வதும் தனிக் கணக்காக வருவதில்லை. கணக்கில் வராத வேலைக்குச் சாப்பாட்டு நேரமும் கணக்கில் வராது.

காஞ்சிக்கு வந்த மணிமேகலை பசித்தவர்களிடம் பொறுமையைப் போதிக்கவில்லை. பசிக்குக் காரணம் அவர்களுடைய வினையா என்று விசாரித்துவிட்டுப் பரிமாறவும் இல்லை. பல மொழி பேசுவோரும், கண் தெரியாதவரும், காது கேளாதவரும், நோயாளிகளும் வந்து கூடினார்கள் என்கிறது காவியம். அவள் பாத்திரத்தை நடுவில் வைத்தாள். பொறுப்பு என்றால் எனக்கு அதுதான் நினைவுக்கு வருகிறது. குழந்தைகள் விஷயத்தில் நாம் இதை ஓரளவு கற்றுக்கொண்டோம். 2022 செப்டம்பரில் தமிழக அரசு தொடக்கப் பள்ளிகளில் காலை உணவைத் தொடங்கியபோது, வகுப்பில் தூங்கி விழும் பிள்ளைக்குக் கவனம் போதவில்லை என்பதை விட்டு, காலையில் வயிற்றுக்குள் ஒன்றும் போகவில்லை என்று ஊர் ஒப்புக்கொண்டது. அந்த உப்புமாவைக் கிண்டும் பெண்கள் காலையில் எப்போது சாப்பிடுகிறார்கள் என்று கேட்க இன்னும் நமக்குத் தோன்றவில்லை.

*

2025இல் எடை குறைக்கும் புதிய ஊசிகள் இந்தியச் சந்தைக்கு வந்துவிட்டன. மார்ச்சில் மவுஞ்சாரோ, ஜூனில் வீகோவி. குடல் மூளைக்கு அனுப்பும் ‘போதும்’ என்ற செய்தியைப்போல நடித்து, பசியைத் தணிக்கின்றன. போட்டுக்கொண்டவர்கள் பலர் ஒரே விஷயத்தைச் சொல்கிறார்கள்: நாளெல்லாம் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்த சாப்பாட்டு நினைப்பு நின்றுபோனது. மருந்து நிறுத்தப்பட்டால் பெரும்பாலானவர்களுக்குப் பசியும் எடையும் திரும்புகின்றன. ஒரு வாரத்துக்கு ஒரு ஊசி செய்ததை ஆயுள்காலத் திட்டு செய்யவில்லை என்றால், திட்டு தவறான இடத்தில் விழுந்துகொண்டிருந்தது என்றுதானே பொருள்? மருந்து தேவைப்படும் பெண் குற்ற உணர்ச்சி இல்லாமல் அதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் ஒரு கவலை இருக்கிறது. நேற்றுவரை ‘வாயைக் கட்ட முடியாதா’ என்று கேட்டவர்கள் நாளை ‘ஊசி போட்டுக்கொள்ள முடியாதா’ என்று கேட்பார்கள். கல்யாணப் பேச்சில் அது ஒரு வரியாகச் சேரும். மாதத்துக்குப் பல ஆயிரம் ரூபாய் தர முடிந்தவளுடைய பசிக்கு மருத்துவம், முடியாதவளுடைய பசிக்குப் பழைய அறிவுரை என்று ஆகலாம். எல்லாவற்றையும்விட, பசியையே மருந்தால் அமர்த்திவிட்டால், கடைசியில் மிச்சம் சாப்பிடும் ஏற்பாட்டை யாரும் மாற்ற வேண்டியதில்லை. பசிக்காத பெண் இந்த ஏற்பாட்டுக்கு மிகவும் வசதியானவள்.

*

அம்மாவிடம் இதையெல்லாம் ஒருநாள் சொன்னேன். எலியும் லெப்டினும் காயசண்டிகையும் கலந்து நான் பேசியதை ராட்டையை நிறுத்தாமல் கேட்டாள். “அப்ப என் மேல தப்பில்லன்ற?” என்றாள்.

“இல்லம்மா.”

“அத சொல்ல உனக்கு இத்தன வருஷம் படிப்பு வேண்டியிருக்குது” என்றாள்.

இப்போது நான் ஊருக்குப் போகும் நாட்களில் எட்டு மணிக்கு எல்லோரும் ஒன்றாக உட்காருகிறோம். அப்பா முதலில் முறைத்தார். பிறகு தன் இட்லியைத் தானே எடுத்து வைத்துக்கொள்ளப் பழகிவிட்டார். அம்மா இரண்டு வாய் சாப்பிட்டதும் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போவாள். கையைப் பிடித்து உட்காரவைக்க வேண்டும். நான் இல்லாத நாட்களில் என்ன நடக்கிறது என்று கேட்டால் சிரிக்கிறாள். அந்த முகாமில் சிரித்த அதே சிரிப்பு. அவளுடைய எடை குறைந்துவிட்டதா என்று இதைப் படிக்கும் உங்களுக்குக் கேட்கத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது. கேட்கவில்லை. காலையில் என்ன சாப்பிட்டாள் என்றுதான் தினமும் போனில் கேட்கிறேன்.